எழுந்து நின்ற சத்தியாக்கிரகம்

வெள்ளைக்காரனை இந்த நாட்டை விட்டு நான் வருஷத்துக்கு மூன்று தடவை விரட்டுகிறேன். பத்தாம் வகுப்பில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் அவன் வியாபாரம் செய்ய வருகிறான், வரி போடுகிறான், உப்பில் கை வைக்கிறான், கடைசியில் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறுகிறான். அவன் கப்பல் ஏறும்போது எனக்குக் கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறிக்கும். நான் சொல்லப்போகிற காலத்தில் இத்தனையையும் நான் நின்றுகொண்டேதான் செய்தேன். எங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது.

மைசூரில் நல்ல பெயர் எடுத்த தனியார் பள்ளிக்கூடம். பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் வகுப்புக்கு ஒரு மர நாற்காலி இருந்தது. ஒருநாள் பிள்ளை மறந்துவிட்டு வந்த டிபன் டப்பாவைக் கொடுக்க வந்த ஒரு அம்மா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே டீச்சர் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அதைப் போட்டோ எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கீழே ஒரே வரி: இதற்குத்தானா பிள்ளையை அனுப்புகிறோம்? அன்று சாயங்காலத்துக்குள் டீச்சர் தூங்கினாள், குறட்டை விட்டாள் என்கிற அளவுக்குச் சேதி வளர்ந்துவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் வந்து பார்த்தபோது ஒரு வகுப்பிலும் நாற்காலி இல்லை. எல்லாம் விழா நடக்கும் ஹாலுக்குப் போய்விட்டன.

பள்ளிக்கூடத்தை நடத்துபவர் செக்ரெட்டரி. எப்போதும் கதர் ஜிப்பாதான் போடுவார். ஜிப்பா பையில் போன். போனைத் திறந்தால் எங்கள் வகுப்பறைகளில் மாட்டியிருக்கும் கேமராக்கள் வரிசையாகத் தெரியும். யாராவது மேஜைமேல் சாய்ந்தால் ஆபீசிலிருந்து ஆள் வந்துவிடும். வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனபோது அங்கே ஒரு டீச்சர் நின்றுகொண்டு பாடம் நடத்தியதைப் பார்த்தாராம். நிற்கிற ஆசிரியர்தான் துடிப்பான ஆசிரியர் என்று எங்களைக் கூட்டிவைத்து இங்கிலீஷில் விளக்கினார். விளக்கும்போது அவர் உட்கார்ந்திருந்தது சுழல் நாற்காலி. துடிப்பு அதிகமாகும்போதெல்லாம் அது லேசாகச் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலுக்குப் போகிறேன். நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நிற்போம். பிரசங்கம் தொடங்கியதும் உட்காரச் சொல்லிவிடுவார்கள். கடவுளுக்கே அந்த அளவுக்கு இரக்கம் இருக்கிறது. செக்ரெட்டரிக்கு இல்லை. ஆகவே ஆளுக்கொரு வித்தை கற்றுக்கொண்டோம். நான் ஜன்னல் விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுப்பேன். ஹிந்தி டீச்சர் அடிக்கடி சாக்பீஸைக் கீழே தவறவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். அவள் வகுப்பில் சாக்பீஸ் உருளாத நாளே கிடையாது.

இந்த இடத்தில், சரித்திர டீச்சர் என்ற முறையில், ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. டில்லியில் கொடியேற்றிய அன்று மைசூருக்குச் சுதந்திரம் வந்துவிடவில்லை. அப்போது இங்கே வெள்ளைக்காரன் நேராக ஆளவில்லை. ராஜா இருந்தார், அவருடைய திவான் இருந்தார். நாடு முழுக்க மிட்டாய் தின்று முடித்த பிறகும், மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று இந்த ஊர் ஜனங்கள் இன்னும் சில வாரங்கள் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. அந்நியனிடம் கேட்பதற்கு ஒரு தைரியம் போதும். நம்மவனிடம் கேட்கக் கூடுதலாக ஒரு தைரியம் வேண்டும். இதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. தசராவுக்கு ஊர்வலம் பார்க்க விடிந்ததிலிருந்து ரோட்டோரத்தில் சந்தோஷமாக நிற்கிறோம். மைசூர்க்காரர்களுக்கு நிற்பதில் ஒரு தனி சுகம்.

செக்ரெட்டரியின் தாத்தா அந்தச் சில வாரங்களில் தெருவில் உட்கார்ந்தவராம். குதிரைப் போலீஸ் வந்தும் எழுந்திருக்கவில்லையாம். ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் செக்ரெட்டரி இந்தக் கதையை மைக்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். உட்கார்ந்தவருடைய பேரன்தான் எங்கள் நாற்காலியைத் தூக்கினார்.

நாங்கள் எல்லாம் எப்படியோ சமாளித்துக்கொண்டோம். சமாளிக்க முடியாதவள் கணக்கு டீச்சர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துப் பெண். சாமராஜநகரில் படித்து, கல்யாணமாகி, மைசூருக்கு வந்தவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த ஊர் மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்த என் தமிழில் பாதி கன்னடம். மிச்சத்தில் பாதி இங்கிலீஷ். அவள் வாயைத் திறந்தால்தான் எனக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன்னால் ஒன்று நாலாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அதிக நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் காலில் அப்படியே பள்ளமாக இருக்கும்.

அவள் கேட்காமல் இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்க் கேட்டாள். "நானும் ரெண்டு பெத்தேன், நின்னுதான் பாடம் எடுத்தேன்" என்றாள் அந்தம்மா. அந்தம்மா பெற்ற காலத்தில் வகுப்புக்கு வகுப்பு நாற்காலி இருந்தது. பிறகு செக்ரெட்டரியிடம் போனாள். முடியாவிட்டால் இப்போதே லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் அன்பாகச் சொன்னார். இப்போதே லீவு எடுத்தால் பிள்ளை பிறந்த பிறகு வேலை இருக்காது. அவள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை; இந்த வருஷம் முடிந்தால்தான் ஆவாள். புருஷனுக்கு ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை, அதுவும் காண்ட்ராக்ட். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஆகஸ்டில் உப்பு சத்தியாக்கிரக நாடகம் போட வேண்டும், பிரம்மாண்டமாகப் போட வேண்டும் என்று செக்ரெட்டரி உத்தரவு போட்டார். பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் கூட்டி, யாருக்கு என்ன வேஷம் வேண்டும் என்று கேட்டேன். வகுப்பு மொத்தமும் வெள்ளைக்காரப் போலீஸ் ஆக விரும்பியது. தொப்பி உண்டு, பூட்ஸ் உண்டு, அடிக்கிற வேலை, வேறென்ன வேண்டும்? அடி வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் தேசபக்தராக ஒருத்தரும் தயாராக இல்லை. ஒரு அம்மா போன் செய்து, என் பையன் எதற்கு அடி வாங்க வேண்டும், அவன் நல்ல சிவப்பு, துரை வேஷம் கொடுங்கள் என்றாள். நிறத்தைப் பார்த்து வேஷம் கொடுத்தால் துரை இன்னும் போகவில்லை என்று அர்த்தமாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் மேடம் துரை வேஷம் கேக்கறேன்" என்றாள். பையன் துரை ஆனான். விழாப் பந்தலுக்கு ஏற்பாடு செய்தவர் அவனுடைய அப்பா.

தேசபக்தர்களை உட்காரப் பழக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. பேப்பரைச் சுருட்டிச் செய்த லத்தியைப் போலீஸ் ஓங்கியதுமே கிக்கிக்கி என்று சிரித்துக்கொண்டு எழுந்து ஓடினார்கள். சிலர் லத்தியைப் பிடுங்கித் திருப்பிச் சாத்தினார்கள். அந்தப் பக்கமாக வந்த துரையைக் கீழே தள்ளி அவன் தொப்பிமேல் உட்கார்ந்துகொண்டாள் ஒருத்தி. "அடிச்சாலும் எழுந்திருக்கக் கூடாது! யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது! உக்காந்தே இருக்கணும்!" என்று தூறலில் நின்றுகொண்டு கன்னடத்திலும் இங்கிலீஷிலும் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். லத்தி முதுகில் விழுந்தாலும் அம்மி மாதிரி அசையாமல் இருந்தார்கள்.

கணக்கு டீச்சர் வராண்டாத் தூணில் சாய்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனக்கா, இந்தப் பசங்க உக்காந்துட்டே சுதந்திரம் வாங்குதுங்களே. நாம ஒரு நாளைக்கு உக்காந்து பாத்தா என்னங்கக்கா ஆயிரும்?"

"வேலை போகும், மத்தேனு?" என்றேன். வேறென்ன என்று தமிழில் கேட்கக்கூட எனக்கு வராது.

"ஒருத்தி உக்காந்தா போகும். எல்லாரும் உக்காந்தா எத்தன பேர்த்த அனுப்புவாங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒத்துழையாமை என்று நான் வருஷா வருஷம் மூன்று வகுப்புக்கு வரி வரியாகக் கோடு போட்டுச் சொல்லிக்கொடுக்கும் பாடம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஸ்டாஃப் ரூமில் பேச்சை எடுத்தேன். முதலில் கொதித்தெழுந்தவர் கன்னட வாத்தியார். எங்களில் மூத்தவர், எந்த மாதத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். இது நம் மானப் பிரச்சினை என்று மேஜையைத் தட்டினார். எல்லோரும் ஆமோதித்தார்கள். ஆமோதித்த கையோடு சந்தேகங்கள் தொடங்கின. யூனிட் டெஸ்ட் முடியட்டும், போர்ஷன் பாக்கி இருக்கிறது என்றாள் ஹிந்தி டீச்சர். மத்தியான இடைவேளையில் போராடினால் வகுப்பு கெடாதே என்றார் ஒருவர். இடைவேளையில் நாம் ஏற்கெனவே உட்கார்ந்துதானே சாப்பிடுகிறோம் என்று நான் கேட்டதும் அவர் யோசனையில் ஆழ்ந்தார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஒரு வார்த்தை பர்மிஷன் கேட்டுவிட்டால் நல்லது என்றாள் இன்னொருத்தி. போராடுவதற்குப் பர்மிஷனா என்று நான் எகிறினேன். "போராட இல்ல மேடம், உக்கார" என்றாள் அவள், பொறுமையாக.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். திங்கள்கிழமை காலையில், பிள்ளைகளின் பிரார்த்தனைக்கு முன்னால், செக்ரெட்டரி ஹாலில் எங்களுக்குப் புத்திமதி சொல்வது வழக்கம். நாங்கள் வரிசையாக நின்று கேட்போம். வருகிற திங்கள்கிழமை தரையில் உட்கார்ந்து கேட்பது. கூச்சல் கூடாது, கோஷம் கூடாது, அவர் என்ன சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது. டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி எல்லோரும் சத்தியம் செய்தார்கள். கன்னட வாத்தியாருடைய பிஸ்கட் உணர்ச்சிப் பெருக்கில் டீக்குள்ளேயே விழுந்துவிட்டது.

திங்கள்கிழமை வந்தது. ஹாலில் எங்கள் நாற்காலிகளே விழாவுக்காக வெள்ளை உறை போட்டு வரிசையாகக் காத்திருந்தன. அவற்றில் உட்காரலாமே என்று யாரும் நினைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஒழுங்கீனம், தரையில் உட்கார்ந்தால் சத்தியாக்கிரகம் என்ற தெளிவு எங்களுக்கு இருந்தது. புடவை அழுக்காகாமல் இருக்க ஆளுக்கொரு பழைய நியூஸ் பேப்பர் கொண்டுவந்திருந்தோம். கன்னடப் பேப்பர் விரிப்பதா, இங்கிலீஷ் பேப்பர் விரிப்பதா என்று ஒரு சின்னத் தகராறுகூட நடந்தது. சாமி படம் இருக்கும் பக்கத்தின்மேல் எப்படி உட்காருவது என்று ஒருத்தி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். கணக்கு டீச்சரை நான்தான் கையைப் பிடித்து மெல்ல இறக்கி உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுக்காகவே இதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. செக்ரெட்டரி வாசற்படியைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தார்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! நாங்கள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்தோம். "குட்... மார்னிங்... சா...ர்" என்று ராகம் இழுத்துப் பாடினோம். யாரும் நினைத்துச் செய்யவில்லை. எல்.கே.ஜி.யில் ஆரம்பித்த பழக்கம். பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நின்று பாட வேண்டும். பிள்ளையாக இருந்து பாடினோம், வாத்தியாராகி மற்றவர்களைப் பாட வைத்தோம். மூளை சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருக்க, முழங்கால் ராஜவிசுவாசத்தோடு எழுந்துவிட்டது. என் குரலே எனக்குத் தனியாகக் கேட்டது. சுதியும் பிசகவில்லை, அதுதான் கொடுமை.

உட்கார்ந்திருந்தது ஒருத்திதான். அவளும் எழுந்திருக்கத்தான் பார்த்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள், வயிறு இடம் கொடுக்கவில்லை. தூக்கிவிட நான் கையை நீட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நின்றுகொண்டிருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நில்லக்காகல்ல சார்" என்றாள் கன்னடத்தில். நிற்க முடியாது.

செக்ரெட்டரி கோபப்பட்டிருந்தால் தேவலை. தரையில் கிடந்த பேப்பர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், புரிந்துகொண்டு சிரித்தார். தாத்தா கதையை இன்னொரு தடவை சொன்னார். அவருக்கு அப்புறம் யாரும் உட்காரவே இல்லை என்று வருத்தப்பட்டிருந்தேன், நீங்கள் உட்கார்ந்தீர்கள், எழுந்தும்விட்டீர்கள், ரொம்ப சந்தோஷம் என்றார். விழா முடிந்ததும் நாற்காலிகள் வகுப்புக்கு வந்துவிடும். யார், எப்போது, எவ்வளவு நேரம் உட்காருவது என்பதை நான் சொல்லமாட்டேன், நீங்களே ஒரு கமிட்டி போட்டுக்கொள்ளுங்கள், கேமராவைக்கூட நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இனி உங்கள் சுயராஜ்யம் என்றார். நாங்கள் கை தட்டினோம், நின்றபடி.

சுயராஜ்யத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிற வித்தை வெள்ளைக்காரனுடையது. சபையை வைத்துக்கொள், வேண்டிய மட்டும் பேசு, கொத்துச் சாவி மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்றான். இதற்கு ஐந்து மார்க் கேள்விகூட உண்டு. அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷம் மார்க் போட்ட எனக்கு, அது என் கண்முன்னால் நடந்தபோது கை தட்டத்தான் தெரிந்தது.

சுதந்திர தினம் நன்றாகவே நடந்தது. உப்பு என்று குவித்து வைத்திருந்த கல்லுப்பு தூறலில் கரைந்து ஓடிவிட்டதால், அள்ளுவதற்கும் ஒன்றுமில்லை, வரி போடுவதற்கும் ஒன்றுமில்லை. பிள்ளைகள் மட்டும் ஈரத்தில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. விருந்தினர்கள் எங்கள் நாற்காலிகளில் அமர்ந்து அந்த மன உறுதியைப் பாராட்டினார்கள்.

மறுநாள் நாற்காலிகள் வந்தன. கமிட்டியும் வந்தது. கன்னட வாத்தியார்தான் தலைவர். மேஜையைத் தட்டியவர் ஆயிற்றே. நானும் ஓர் உறுப்பினர். செக்ரெட்டரி யோசிக்காததை எல்லாம் நாங்கள் யோசித்தோம். பாடம் நடத்தும்போது உட்காரக் கூடாது. கடைசிப் பத்து நிமிஷம் நோட்டு திருத்தும்போது உட்காரலாம். மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு, யார் மூத்தவர் என்பதில் மட்டும் இரண்டு கூட்டம் சண்டை. கன்னட வாத்தியார் ஓய்வு வகுப்புகளில் ஆபீஸ் பக்கத்து அறைக்குள் போய்க் கேமராத் திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். செக்ரெட்டரியாவது மற்ற வேலைக்கு நடுவில் பார்ப்பார். இவருக்கு இதுவே வேலையாகிவிட்டது. ஹிந்தி டீச்சரின் சாக்பீஸ் விவகாரம் வெளியே வந்தது அப்போதுதான்.

கணக்கு டீச்சர் விஷயம் கமிட்டிக்கு வந்தது. வகுப்பு முழுக்க உட்கார அனுமதி கேட்டாள். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு மூட்டு வலிக்காரர்களும் கேட்பார்கள் என்றார் தலைவர். ஐந்து நிமிஷம் கூட்டித் தரலாம் என்றாள் ஹிந்தி டீச்சர். கூட்டித்தர நீ யார், பிள்ளையைச் சுமப்பது அவளா நீயா என்று நான் சத்தம் போட்டேன். அப்படியெல்லாம் உணர்ச்சிவசப்படக் கூடாது, இது நாமே போட்ட ரூல் என்றார்கள். ஓட்டெடுத்தார்கள். என் பக்கம் உயர்ந்தது என் கை மட்டும்தான். செக்ரெட்டரியின் முன்னால் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அன்று அவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது. இன்று யாரைத் திட்டுவது? முடிவை அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"பரவால்லீங்கக்கா" என்றாள். "நம்மாளுங்க கிட்ட கேட்டா இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க."

இரண்டு நாள் கழித்துக் கன்னட வாத்தியார் பரபரவென்று ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பில் டீச்சரைக் காணவில்லை, திரையில் வெறும் நாற்காலியும் காலி பெஞ்சுகளும்தான் தெரிகின்றன, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள் என்றார். கமிட்டி உறுப்பினர் என்பதால் என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு படியேறினார்.

வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. நாற்காலியை மூலைக்குத் தள்ளிவிட்டு, கரும்பலகைக்கு அடியில் ஒரு பழைய போர்வையை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேமரா கரும்பலகைக்கு மேலே இருந்ததால் சுவரை ஒட்டிய இடம் அதன் கண்ணுக்கு எட்டவில்லை. அவள் தரையில் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்த பிள்ளைகளுக்கு அவள் முகம் தெரியவில்லை. அதனால் அவர்களும் இறங்கி வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். துரை வேஷம் போட்ட பையன் டீச்சரின் கால்மாட்டில் இருந்தான்.

கன்னட வாத்தியார் உள்ளே போய் நின்றார். வகுப்புக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்காக ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"குட்... மார்னிங்... சா...ர்."

பாட்டு ராகம் மாறாமல் வந்தது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவளும் பாடிக்கொண்டே வந்து மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். லத்திக்கு அசையாமல் இருக்கப் பழக்கியவள் நான், ஸ்வெட்டருக்கா அசைவார்கள்?

"மேடம், தரையைப் பத்தி ரூல்ஸ்ல ஒண்ணும் இல்லையே" என்று கன்னட வாத்தியார் என் காதில் கேட்டார்.

"இல்லை சார். எழுத மறந்துட்டோம்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய், துரைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவர் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

"யாரு பர்மிஷன் கொட்டவரு?" என்று அவளைக் கேட்டார். யார் அனுமதி கொடுத்தது? குரலில் அதட்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நாவே கொட்கொண்டிவி சார்" என்றாள். நாங்களே கொடுத்துக்கொண்டோம்.

அவர் திரும்பிக் கீழே போய்விட்டார். கமிட்டிக் கூட்டம் என்று அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. அவள் லீவில் போகிறவரை ஒன்பதாம் வகுப்புக் கணக்கு தரையில்தான் நடந்தது. தசரா விடுமுறையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகம். ஊரே ரோட்டில் நின்று யானை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், கணக்கு டீச்சரின் இடத்துக்கு நிரந்தரமாக வேறு ஆளை எடுத்துவிட்டதாகவும், திங்கள்கிழமை ஹாலில் அறிமுகப்படுத்துவதாகவும் செக்ரெட்டரி சொல்லி அனுப்பினார். அன்று ஸ்டாஃப் ரூமில் யாரும் மேஜையைத் தட்டவில்லை. சத்தியமும் செய்யவில்லை.

திங்கள்கிழமை நான் ஹாலுக்குள் போனபோது கன்னட வாத்தியார் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார், பேப்பர்கூட விரிக்காமல். பக்கத்தில் ஹிந்தி டீச்சர். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தோம். செக்ரெட்டரி புது ஆளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "குட்... மார்னிங்... சா...ர்" என்று பாடினோம். பாட்டு முடிந்தது. அவர் காத்திருந்தார். வெளியே பிரார்த்தனை மணி அடித்தது, இரண்டாவது தடவையும் அடித்தது. புது டீச்சர் எங்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சின்னப் பெண்தான். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொண்டாள்.